ஈரம் காயாத தட்டு

பல் மருத்துவம் படிக்கிறேன் என்றால் உறவினர்கள் உடனே கேட்பது, "பல் பிடுங்கக் கற்றுக்கொண்டாயா?" என்பதுதான். பொய்ப்பல் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. தஞ்சோங் பகாரில் ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடியில் இருந்த பல் தயாரிப்புக் கூடத்திற்கு விடுமுறையில் வேலை பழகப் போகும்வரை நானும் கேட்டதில்லை.

அங்கே எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒரு தட்டைப் பார்த்துக்கொள்வது. அந்தத் தட்டில் பீங்கான் பொடியை நீரில் குழைத்துச் சிறு குவியல்களாக வைத்திருப்பார்கள். பல்லின் அடிப்பகுதிக்கு மஞ்சள் கலந்த ஒரு குவியல், நுனிக்கு ஒளி ஊடுருவும் இன்னொன்று. அவற்றைத் தூரிகையால் தொட்டு, மெல்லிய உலோகத் தொப்பியின்மேல் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவார் அங்கிருந்த அண்ணன்.

பீங்கான் என்றதும் குயவரின் களிமண்ணை நினைத்துவிடாதீர்கள். பல்லுக்கான பீங்கானில் பெரும்பங்கு ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம்தான். பாத்திரப் பீங்கானுக்குப் பிசுபிசுப்பைத் தரும் வெண்களிமண் இதில் மிகக் குறைவு. பலவற்றில் அறவே இல்லை. அப்படியானால் குழைத்த மாவு எப்படி நிற்கிறது? ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பிள்ளைகள் கட்டும் மணல் வீடு நிற்பதுபோலத்தான். துகள்களுக்கு இடையிலுள்ள நீரே அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. நீர் போனால் வீடும் போயிற்று.

ஒருநாள் மேக்ஸ்வெல் உணவங்காடியில் சாப்பிட்டுவிட்டுத் தாமதமாகத் திரும்பினேன். குவியல்களின் மேல் வெளுத்த பொருக்கு. "இதென்ன பெரிய விஷயம்" என்று இரண்டு சொட்டு நீர் விட்டுக் கிளறினேன். பார்வைக்குப் பழையபடியே ஆகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

வாடிய வெற்றிலை நீர் தெளித்தால் மீளும். இந்தக் குவியல் அப்படி மீள்வதில்லை. காயும்போது நீர் விட்டுப்போன இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. மேலிருந்து ஊற்றும் நீர் அந்தக் காற்றை வெளியேற்றாமல் உள்ளேயே சிறை வைக்கிறது. கிளறினால் இன்னும் கொஞ்சம் சேர்கிறது. உலைக்குள் வெற்றிடம் உண்டாக்கி ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டாலும் எல்லாக் குமிழும் வெளியேறுவதில்லை. எஞ்சியவை ஒளியைச் சிதறடித்து, பால் சிந்தியதுபோல் ஒரு திட்டாகத் தெரியும்.

எங்கள் பல்லிலும் அப்படித்தான் தெரிந்தது. அது ஓர் அம்மாவின் முன்பல். அந்த வாரக் கடைசியில் அவர் மகளுக்குத் திருமணம்.

"தட்டு காஞ்சுச்சா, தம்பி?" என்று மட்டும் கேட்டார் அண்ணன். ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. பீங்கானை உலோகம்வரை அரைத்து எடுத்துவிட்டு, முதலில் தட்டைத்தான் தயார் செய்தார்.

தட்டின் அடியில் நீரில் ஊறிய பஞ்சு, அதன்மேல் நீரை மெல்லக் கசியவிடும் ஒருவகைத் தாள். குவியல் தனக்கு வேண்டிய நீரைக் கீழிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். மேலும் தேவைப்பட்டால் குவியலின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது தானாக ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டும். அதுவும் காய்ச்சி வடித்த நீராக இருக்க வேண்டும். குழாய் நீரின் உப்புகள் நிறத்தைக் கெடுக்கக்கூடும். குழைப்பதற்கென்று விற்கும் திரவங்கள் சிலவற்றில் கிளிசரின் போன்ற மெதுவாக உலரும் பொருள் இருக்கும். அவற்றில் ஆவியாவது பெரும்பாலும் நீர்தான் என்பதால், ஈடுகட்டவும் நீர்தான். திரவத்தையே மேலும் மேலும் ஊற்றினால் அந்தப் பொருள்தான் மிகும். ஈரம் கூடினாலும் வம்பு. கட்டிய பல் வழிந்துவிடும். அப்போது மெல்லிய தாளால் ஒற்றி எடுப்பார்கள்.

சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இங்கேயா காயும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த அறையில் நாள் முழுதும் குளிரூட்டி ஓடியது, பக்கத்தில் உலையும் இருந்தது. வெளியில் சட்டை காயாத ஊரில், உள்ளே தட்டு காய்ந்துகொண்டிருந்தது.

இவ்வளவு காத்த ஈரத்தைச் சுடுவதற்குமுன் அவர்களே போக்குகிறார்கள், ஆனால் அவசரமில்லாமல். கட்டிய பல்லை உலை வாயில் சில நிமிடங்கள் வைத்து உலர்த்துகிறார்கள். திடீரென்று சூடேறினால் நீராவி பல்லை வெடிக்கச் செய்துவிடும். சுட்டபின் அதன் கன அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், முன்கூட்டியே பெரிதாகக் கட்டியிருப்பார்கள்.

இப்போது பல உறைகளைக் கணினி இயந்திரமே சிர்கோனியாவில் கடைந்து தருகிறது. ஆயினும் முன்பல்லுக்கு இயல்பான சாயல் வேண்டுமென்றால், அதன்மேலும் பீங்கானைத் தூரிகையால் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

அன்றிரவு ஒன்பது மணிவரை தட்டின் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் முறை திட்டு விழவில்லை. திருமணத்துக்கு முந்திய நாள் உறை மருந்தகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.