கம்ப்யூட்டருக்கும் ஒரு பூட்டு!

‘‘ஏலே, படிக்கியா, படம் பாக்கியா?’’

‘‘படிக்கத்தாம்மா செய்யேன்!’’

பரீட்சை நேரத்தில் தூத்துக்குடி வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பையன் பொய் சொல்லவில்லை. பாடத்துக்காகத்தான் யூடியூபைத் திறந்தான். பக்கத்திலேயே கிரிக்கெட் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், ஒரு மணி நேரம் போயே போச்சு!

2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2020-ல் கொரோனாவால் வகுப்பே ஆன்லைனுக்கு வந்தது. பாடமும் பொழுதுபோக்கும் ஒரே பெட்டிக்குள்! அதைப் பிடுங்கி வைத்தால் படிப்பும் சேர்ந்து நின்றுவிடும். பின்னே என்னதான் செய்வது? கவனத்தைக் கலைப்பதை மட்டும் பூட்டலாம்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

எந்தெந்தத் தளங்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அவை திறக்காது. அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஃபிரெட் ஸ்டட்ஸ்மேன், 2008-ல் ‘ஃபிரீடம்’ என்ற சாஃப்ட்வேரை உருவாக்கினார். குறித்த நேரம் முடியும் வரை அது இன்டர்நெட்டையே துண்டித்துவிடும்.

‘லீச்பிளாக்’ இலவசம். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் பிரவுசர்களில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால், வேறு பிரவுசரைத் திறந்தால் தப்பிவிடலாம். ‘கோல்டு டர்க்கி’ இன்னும் கறார். பூட்டிவிட்டால் நேரம் முடியும் வரை சுலபத்தில் விடாது.

சாவி யாரிடம்?

பூட்டும் சாவியும் ஒரே கையில் இருந்தால் என்ன பிரயோஜனம்? நம்மூரில் அந்தக் காலத்தில் நடந்த முத்துக்குளிப்பை நினைத்துப் பாருங்கள். கல்லோடு கடலுக்குள் இறங்குபவரின் உயிர், தோணியில் கயிறு பிடிப்பவர் கையில். அதனால் அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்பார்கள். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால், மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும்.

பாஸ்வேர்டும் அப்படித்தான். அம்மாவோ, அக்காவோ, மாமாவோ, யாரிடம் இருக்கலாம் என்று பிள்ளையே சொல்லட்டும். ‘‘இந்தப் பாடத்துக்கு வேணும், திறந்து விடுங்க’’ என்று கேட்டால், திட்டாமல் திறந்து விடுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் பூட்டினால் படிப்பு வளராது. பூட்டை உடைக்கும் சாமர்த்தியம்தான் வளரும்!

கவனிக்க வேண்டியவை:

* கம்ப்யூட்டரில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கு பெரியவரிடம் இருக்கட்டும். பிள்ளைக்குச் சாதாரணக் கணக்கு போதும். சாஃப்ட்வேரைச் சுலபத்தில் நீக்க முடியாது.

* பள்ளித் தளம், பாட வீடியோ, அகராதி ஆகியவற்றுக்கு விலக்கு கொடுங்கள்.

* முக்கால் மணி நேரம் பூட்டு, பத்து நிமிஷம் ஓய்வு. ஓய்வில் எழுந்து நடக்கட்டும், தூரத்தில் பார்க்கட்டும். கண்ணுக்கும் நல்லது.

* செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் போனைக் கையில் கொடுத்தால் என்ன லாபம்?

* இரவு தூங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பூட்டு விழட்டும். தூக்கம் கெட்டால் படித்ததும் நிற்காது.

பிள்ளை படிக்கும் அந்த முக்கால் மணி நேரம் வீட்டில் டி.வி.யும் ஓய்வெடுக்கட்டுமே!