குழந்தைக்குக் கார் சீட்: விலையைவிட இறுக்கம் முக்கியம்

கார் வாங்குவதற்கு முன் மைலேஜ் பற்றி ஒரு மாதம் விசாரிக்கும் வீடுகளில்கூட, குழந்தைக்கான சீட் என்று வந்தால் பேச்சு இரண்டே கேள்விகளில் முடிந்துவிடுகிறது. என்ன விலை? எத்தனை வயது வரை வரும்? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் வண்டி மோதும் நேரத்தில் குழந்தையைக் காப்பாற்றப்போவது இந்த இரண்டுக்கும் வெளியே இருக்கிறது. சீட் காரோடு எவ்வளவு இறுகியிருக்கிறது, குழந்தை சீட்டோடு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதுதான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சரியாகப் பொருத்தப்பட்ட சீட், கார் விபத்தில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இறக்கும் ஆபத்தை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுள்ளவர்களுக்கு 54 சதவீதமும் குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு. இதே துறை 2015-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: பயன்பாட்டில் இருந்த குழந்தை சீட்டுகளில் 46 சதவீதம் ஏதோ ஒரு வகையில் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தன. பல பத்தாண்டுகளாகச் சட்டமும் பயிற்சியும் பரிசோதனை முகாம்களும் உள்ள நாட்டிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தவறுகிறது என்றால், பெட்டியோடு வீட்டுக்கு வந்து, அட்டையைக்கூடப் படிக்காமல் மாட்டப்படும் நம் ஊர் சீட்டுகளின் நிலையை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. வாங்குவதற்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது பொருத்துவதற்கு ஒதுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மடியில் கனம்

"நான் கெட்டியாப் பிடிச்சுக்கிறேன், அப்புறம் என்ன?" கார் சீட்டுக்கு எதிராக எழும் முதல் வாதம் இது. அன்பிலிருந்து வருவதால் மறுத்துப் பேசக் கூச்சமாகவும் இருக்கும். கணக்குக்கு அந்தக் கூச்சம் கிடையாது. மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். எதிலாவது மோதிய கார் நிற்க எடுத்துக்கொள்வது சுமார் பத்தில் ஒரு நொடி. அந்த நேரத்துக்குள் 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்துவது, சராசரியாகப் பார்த்தாலே 75 கிலோ அரிசி மூட்டை இரண்டைத் தாங்குவது போன்றது. உச்சத்தில் இன்னும் அதிகம். எந்தத் தாயின் கையாலும் அது ஆகாது. அவர் பெல்ட் போடாதிருந்தால் அவருடைய முழு எடையும் குழந்தையின் மேல்தான் வந்து விழும். தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்து மாட்டிக்கொண்டாலோ, பெல்ட்டுக்கும் அவர் உடம்புக்கும் நடுவில் குழந்தை நசுங்கும். முன்சீட்டில் மடியில் வைத்திருந்தால் ஏர்பேக் வேறு. இந்தியாவில் இப்போது விற்கப்படும் கார்களில் முன்பக்கம் இரண்டு ஏர்பேக்குகள் கட்டாயம். வளர்ந்த ஒருவரின் நெஞ்சைத் தாங்குவதற்காக, கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும் பை அது. அது விரியும் இடத்தில் குழந்தையின் தலை இருக்கக்கூடாது.

மடிதான் பத்திரம் என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. குழந்தைகளுக்குக் கார் சீட் கட்டாயம் என்று முதலில் சட்டம் போட்ட அமெரிக்க மாநிலம் டென்னசி. 1978-இன் தொடக்கத்தில் அது அமலுக்கு வந்தது. அதற்காக விடாமல் போராடியவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். ஆனால் சட்டமன்றம் அதில் ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டது: கைக்குழந்தையைப் பெரியவர் ஒருவர் கையில் வைத்துக்கொண்டால் போதும். அந்த விலக்குக்குக் 'குழந்தையை நசுக்கும் திருத்தம்' என்றே பெயர் வந்தது. அதை நீக்க 1981 வரை ஆனது. நம் சட்டத்தில் அப்படியொரு ஓட்டை இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயது நிரம்பாத குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தைக் காப்பு அமைப்போ இல்லாமல் காரில் சென்றால் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. இந்தப் பிரிவுக்காக யாராவது அபராதம் கட்டியதாகக் கேள்விப்படுவது அபூர்வம் என்பது வேறு கதை.

பின்னோக்கி உட்காரவைப்பது எதற்கு

கைக்குழந்தையின் சீட் காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். குழந்தைக்கு வேடிக்கை பார்க்க முடியாது, நமக்கு அதன் முகம் தெரியாது, கால் மடங்கியே இருக்கிறது என்று குறைகள் வரிசையாக வரும். காரணம் குழந்தையின் உடலமைப்பில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலை. வளர்ந்தவரிடம் அது எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு கனமான தலையைச் சுமக்கும் கழுத்தெலும்புகளோ இன்னும் முழுதாக எலும்பாகவில்லை, பெரும்பகுதி குருத்தெலும்பு. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும் குழந்தையின் உடலை நேர்மோதலில் வார்கள் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. அது முன்னால் பாயும், முழுச் சுமையும் கழுத்தில் இறங்கும். பின்னோக்கி இருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றும் ஒன்றாகச் சீட்டின் ஓட்டுக்குள் அழுந்தும்; சுமை முதுகு முழுவதும் பரவிவிடும்.

இதை முதலில் சோதித்துப் பார்த்த நாடு சுவீடன். பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற ஆராய்ச்சியாளர் 1960-களில் பின்னோக்கிய குழந்தை சீட்டை வடிவமைத்தார். வால்வோ நிறுவனம் 1964-இல் அதன் மாதிரியைச் சோதித்தது. விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்தபடி புறப்படுவதிலிருந்து அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். இன்றும் சுவீடனில் நான்கு வயதுவரை பின்னோக்கி உட்காரவைப்பது சகஜம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி முன்பு இரண்டு வயது என்று ஒரு கோடு போட்டிருந்தது. 2018-இல் அதை எடுத்துவிட்டு, சீட் அனுமதிக்கும் எடையும் உயரமும் வரை பின்னோக்கியே தொடரச் சொன்னது. எனவே 'ஒரு வயசு முடிஞ்சாச்சு, திருப்பிடலாம்' என்று பிறந்தநாளோடு சேர்த்துக் கொண்டாடுவது அவசரம். கால் மடங்குவதைப் பற்றிக் குழந்தை கவலைப்படுவதில்லை; சம்மணமிட்டு உட்கார்வது அதற்குப் பிடித்த நிலைதான். மறக்கவே கூடாதது ஒன்று உண்டு. ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் பின்னோக்கிய சீட்டை வைக்கவே கூடாது. அதன் இடம் பின்சீட்.

கடைக்குப் போகும் முன்

வயதைச் சொல்லி சீட் வாங்குவது வயதைச் சொல்லி செருப்பு வாங்குவதைவிட மோசம். தேவைப்படுவது எடையும் உயரமும். தடுப்பூசி அட்டையில் இரண்டும் இருக்கும். அடுத்தது சான்று. ஐரோப்பிய விதிப்படி சோதிக்கப்பட்ட சீட்டின் ஓட்டில், வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட ஆரஞ்சு நிற லேபிள் ஒட்டியிருக்கும். பழைய விதியான ஆர்44 எடையை வைத்துப் பிரிக்கும்: 13 கிலோ வரை, 9 முதல் 18 கிலோ, 15 முதல் 36 கிலோ என்று. புதிய ஆர்129 உயரத்தை வைத்துப் பிரிக்கிறது; பதினைந்து மாதம் வரை பின்னோக்கியே இருக்க வேண்டும் என்பதையும், பக்கவாட்டு மோதல் சோதனையையும் சேர்த்திருக்கிறது. இந்தியத் தர விதியின் பெயர் ஏஐஎஸ்-072. இவற்றில் ஒன்றும் எழுதப்படாமல், பஞ்சு மெத்தையில் நான்கு நாடா தைத்து 'கார் சீட்' என்ற பெயரில் ஆன்லைனில் விற்கப்படுபவை காப்புக் கருவிகளே அல்ல. அவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் காசு வீண்தான்.

மூன்றாவது, உங்கள் கார். பின்சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விட்டால், ஐசோஃபிக்ஸ் (பெல்ட் இல்லாமல் சீட்டை நேரடியாகக் காரோடு மாட்டும் அமைப்பு) உள்ள கார்களில் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். ஷோரூமிலேயே ரெக்சின் கவர் தைத்துப் போட்டுக்கொண்டவர்களுக்கு அவை கவருக்குள் புதைந்திருக்கலாம். ஐசோஃபிக்ஸ் இருந்தால்தான் பாதுகாப்பு என்பதில்லை. பெல்ட்டால் சரியாகக் கட்டிய சீட்டும் அதே வேலையைச் செய்யும். ஐசோஃபிக்ஸின் சிறப்பு, தவறு செய்ய அது குறைவான இடம் தருகிறது என்பதுதான். சில சீட்டுகளுக்கு மேலே ஒரு வார் உண்டு. அது பின்சீட்டின் முதுகில் உள்ள கொக்கியில் மாட்டும். சில சீட்டுகள் தரையில் ஊன்றும் கால் கொண்டவை. இவை எல்லாம் உங்கள் காரில் ஒத்துவருமா என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. ஆகவே காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அங்கேயே மாட்டிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். விடாத கடையில் வாங்க வேண்டாம். அமெரிக்காவிலிருந்து மகனோ மகளோ ஆசையாகக் கொண்டுவரும் சீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்நாட்டுக் கார்களின் பின்சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துவிட்டால் இறுகிப் பூட்டிக்கொள்ளும். பல சீட்டுகள் அதை நம்பித்தான் செய்யப்படுகின்றன. நம் கார்களில் பெரும்பாலும் வெடுக்கென இழுத்தால் மட்டும் பூட்டும் பெல்ட்தான். சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்வும் பூட்டு இல்லாவிட்டால், அது நாளுக்கு நாள் தளரும்.

அக்கா குழந்தையின் சீட்டை வாங்கிப் பயன்படுத்தலாமா? தாராளமாக, மூன்று நிபந்தனைகளோடு. அது விபத்தில் சிக்கியதில்லை என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். ஓட்டில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி கடந்திருக்கக்கூடாது. வார், பக்கிள், வழிகாட்டிப் புத்தகம் எல்லாம் இருக்க வேண்டும். முகம் தெரியாதவர் விற்கும் பழைய சீட்டில் முதல் நிபந்தனையை யாராலும் உறுதிப்படுத்த முடியாது.

அரை மணி நேர வேலை

பெல்ட்டால் கட்டுவதாக இருந்தால், குழந்தை அருகில் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். பெல்ட்டை அதற்குரிய வழியில் (பின்னோக்கி வைக்க ஒரு நிறத்திலும் முன்னோக்கி வைக்க வேறு நிறத்திலும் குறித்திருப்பார்கள்) நுழைத்து, முறுக்கில்லாமல் பக்கிளில் மாட்டுங்கள். ஒரு கையால் சீட்டைக் கீழே அழுத்தியபடி மறுகையால் பெல்ட்டின் தளர்வை இழுத்தெடுங்கள். தேவைப்பட்டால் முழங்காலை ஊன்றி உடம்பின் எடையைக் கொடுக்கலாம். பிறகு பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இன்னும் இறுகவில்லை என்று பொருள். சீட்டின் மேல்பகுதியைப் பிடித்து ஆட்டி 'ஆடுதே' என்று பதறுபவர்கள் உண்டு. சோதிக்க வேண்டிய இடம் பெல்ட் பாதை.

அடுத்து குழந்தை. பின்னோக்கிய சீட்டில் தோள் வார்கள் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ புறப்பட வேண்டும். முன்னோக்கிய சீட்டில் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. குழந்தை வளர வளர இதை உயர்த்திக்கொண்டே வர வேண்டும். பலர் வாங்கிய நாளில் வைத்த உயரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். வாரை இறுக்கிய பின், காறை எலும்பின் மேல் ஓடும் இடத்தில் அதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். நாடா மடிந்து விரலுக்குள் வந்தால் தளர்வு இருக்கிறது. விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. 'பாவம், இவ்வளவு இறுக்கணுமா' என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு. குளிருமே என்று துண்டில் சுற்றிய குழந்தையை அப்படியே வைத்துக் கட்டக்கூடாது. மோதலில் துணி நசுங்கியதும் வார் தளர்ந்துவிடும். முதலில் கட்டுங்கள், பிறகு மேலே போர்த்துங்கள். சீட்டோடு வராத தலையணை, மெத்தை எதையும் முதுகுக்குப் பின்னால் திணிக்கவும் கூடாது. சிசுவின் சீட் மிக நிமிர்ந்திருந்தால் தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுவழி அடைபடும். அதனால்தான் சாய்வைக் காட்டும் கோடு ஓட்டில் குறிக்கப்பட்டிருக்கிறது. குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் சீட்டில் நீண்ட பயணம் வேண்டாம்.

சிட்டிக்குள்தானே, அழுதுகிட்டே வருதே

நகருக்குள் முப்பது, நாற்பதுக்கு மேல் போக முடியாதே என்பது உண்மையைப் பாதி சொல்லும் வாதம். தாய்வீட்டில் பிரசவம் முடிந்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் குழந்தை முதன்முதலில் பார்ப்பதே தேசிய நெடுஞ்சாலையைத்தான். குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து என்று முதல் வருடத்திலேயே இன்னும் சில நூறு கிலோமீட்டர்கள் ஓடும். பின்சீட் பத்திரம் என்பதும் பெல்ட் இருந்தால்தான். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 16,715 பேர் சீட் பெல்ட் போடாதவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் ஓட்டுநர்கள் 8,384 பேர்; மீதி 8,331 பேரும் பயணிகள்.

அழுகை இதைவிடக் கடினமான ஆட்சேபம். அலறும் குழந்தையை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவதும் ஆபத்துதான் என்பதை மறுக்க முடியாது. ஆனால் முதல் நாளிலிருந்து சீட்டில் போன குழந்தைக்குக் கார் என்றால் சீட்தான். எட்டு மாதம் மடியில் பழக்கிவிட்டுத் திடீரென்று கட்டினால் அது எதிர்க்காமல் என்ன செய்யும்? சீட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து சில நாள் உட்காரவைத்துப் பழக்கலாம். முதல் பயணங்களைக் குறுகியவையாக வைக்கலாம். நம் வெயிலில் அழுகைக்குக் காரணம் பல நேரங்களில் சூடுதான். நிறுத்தி வைத்த காரில் பக்கிளின் இரும்பு தொடையைச் சுடும் அளவு கொதிக்கும். இறங்கும்போது சீட்டின் மேல் வெள்ளைத் துண்டைப் போட்டுவிட்டுப் போனால் போதும். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்திக் குழந்தையை வெளியே எடுங்கள். ஓடும் காரில் ஒருமுறைகூட எடுக்காதீர்கள், பாலுக்குக்கூட.

இடமில்லை என்பது கூட்டுக்குடும்பங்களின் குறை. ஐந்து பேர் காரில் ஏழு பேர் போவதை எந்தச் சீட்டாலும் சரிசெய்ய முடியாது. கால் டாக்ஸியும் அப்படித்தான்; சீட் வைத்திருக்கும் டாக்ஸி அநேகமாகக் கிடைக்காது. பெல்ட்டால் கட்டக்கூடிய எடை குறைந்த சீட்டைக் கையோடு கொண்டுபோவதுதான் அதற்கு இப்போதுள்ள வழி, சிரமம்தான்.

பெரியவர்களின் பெல்ட் எப்போது

ஐந்து வயதானதும் சீட்டைப் பரணில் போட்டுவிடுவது பரவலாக நடக்கிறது. காரின் பெல்ட்டோ வளர்ந்தவரின் அளவுக்குச் செய்யப்பட்டது. சிறுவனிடம் அதன் கீழ்ப்பட்டை வயிற்றிலும் மேல்பட்டை கழுத்திலும் கிடக்கும். மோதலில் குடலும் ஈரலும் அடிபடும். கழுத்தை உறுத்துகிறது என்று பிள்ளைகள் மேல்பட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஏறத்தாழ 145 செ.மீ. உயரம் வரும்வரை, பிள்ளையை உயர்த்தி உட்காரவைத்து பெல்ட்டைச் சரியான இடத்தில் படியவைக்கும் பூஸ்டர் சீட் தேவை. பலருக்கு அது பத்து, பன்னிரண்டு வயது. அளவுகோல் கையில் இல்லாவிட்டால் பிள்ளையைப் பூஸ்டர் இல்லாமல் காரில் உட்காரவைத்துப் பாருங்கள். முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, முழங்கால் சீட்டின் விளிம்பில் மடிய வேண்டும். கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேலும், மேல்பட்டை தோளின் நடுவிலும் படிய வேண்டும். பயணம் முடியும்வரை சரியாமல் அப்படியே உட்கார்ந்தும் வர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பூஸ்டர் இன்னும் கொஞ்ச நாள் காரிலேயே இருக்கட்டும்.