பிளக்கில் பொறி வரவில்லையா? காயிலிலிருந்து தொடங்குங்கள்

பழைய அம்பாசடர். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. என்ஜின் பிடிக்க மறுக்கிறது. பக்கத்தில் நிற்பவர்களில் ஒருவர் காயிலை மாற்றச் சொல்வார், இன்னொருவர் கண்டென்சர் போய்விட்டது என்பார், மூன்றாமவர் அதற்குள் பிளக்கைக் கழற்றியிருப்பார். மூவரில் ஒருவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் யார் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு பாகமாக வாங்கி மாட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு ஒயர் இணைத்த 12 வோல்ட் பல்பு, ஒரு ஃபீலர் கேஜ், பிளாஸ்டிக் உறை போட்ட கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர். இவை போதும்.

இங்கே பார்க்கப்போவது 1489 சிசி பெட்ரோல் என்ஜின் பொருத்திய அம்பாசடர். 1956-இல் இங்கிலாந்தில் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரின் இந்திய வடிவம் அது. அதன் இக்னிஷன் அமைப்பு லூகாஸ் வகை. சென்னை பாடியில் 1961-இல் நிறுவப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் அந்த வகைக் காயிலையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் இங்கேயே தயாரித்தது. பாயிண்ட் உள்ள பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களுக்கும் இதே முறை பொருந்தும். அளவுகள் மட்டும் மாறும். டீசல் அம்பாசடருக்குப் பொறியே கிடையாது என்பதால் அதற்கு இது உதவாது.

பொறி பிறக்கும் விதம்

பேட்டரியின் 12 வோல்ட் இக்னிஷன் சுவிட்ச் வழியாகக் காயிலுக்குப் போகிறது. காயிலுக்குள் இரண்டு சுற்றுகள். தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள் கொண்டது பிரைமரி. மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள் கொண்டது செகண்டரி. பிரைமரியில் நுழைந்த கரண்ட் அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட்டுக்குப் போய் எர்த் ஆகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது சுமார் 4 ஆம்பியர் ஓடி, காயிலுக்குள் காந்தப் புலம் உருவாகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் உள்ள கேம் பாயிண்ட்டைத் திறந்ததும் கரண்ட் அறுபட்டு, புலம் சரிகிறது. அந்த வேகத்தில் செகண்டரியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் எழும்புகிறது. அது நடு ஒயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்கு வந்து, ரோட்டர் எந்த முனைக்கு எதிரே நிற்கிறதோ அந்தப் பிளக்குக்குப் பாய்கிறது.

கண்டென்சரின் வேலை பாயிண்ட் திறக்கும் நொடியில்தான். அது இல்லாவிட்டால் கரண்ட் சட்டென அறாமல் பாயிண்ட்டின் இடைவெளியிலேயே பொறியாகத் தாவிக்கொண்டிருக்கும். பிளக்கில் கிடைக்க வேண்டிய வலு பாயிண்ட்டைக் கரிப்பதில் வீணாகும்.

சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து 1910 மாடல் காடிலாக்கில் வந்த இந்த ஏற்பாடு, 1970-களில் எலக்ட்ரானிக் இக்னிஷன் பரவும்வரை பெட்ரோல் கார்களின் பொதுவழியாக இருந்தது. நாலு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது பாயிண்ட் நொடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. அதனால்தான் இந்த அமைப்பில் முதலில் தேய்வது பெரும்பாலும் விலை குறைந்த பாயிண்ட்தான். விலை கூடிய காயில் அல்ல.

தொடங்கும் முன்

கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்து, ஆவி அடங்கும்வரை காத்திருங்கள். உயர் வோல்ட் கடத்தும் ஹெச்டி ஒயரை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த வேலையிலிருந்து விலகியே இருக்க வேண்டும்.

ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறியைத் தேடலாம். காய்ந்திருந்தால் பெட்ரோல் பம்ப்பையும் கார்புரேட்டரையும் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பை எடுத்துவிட்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ரோட்டர் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் இணைப்பே உடைந்திருக்கிறது. மின்சாரச் சோதனை எதுவும் தேவையில்லை. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள். ஸ்டார்ட்டர் எல்லாக் கரண்ட்டையும் உறிஞ்சிவிட்டால் நல்ல காயிலும் நல்ல பொறி தராது.

பாதையை நடுவில் பிரிப்பது

மேலே சொன்ன பாதையில் காயிலுக்கு முன்னால் இருப்பது 12 வோல்ட் பகுதி. பின்னால் இருப்பது உயர் வோல்ட் பகுதி. இரண்டையும் பிரித்துச் சொல்லும் இடம் காயிலின் நடு ஒயர். கேப்பின் நடுவிலிருந்து அதைப் பிடுங்கி, உறை போட்ட பிளேயரால் பிடித்து, முனையை என்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பிலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். செல்ஃப் அடித்தால் நீலநிறப் பொறி சடசடவெனத் தாவ வேண்டும். இடைவெளியை மிகவும் கூட்டாதீர்கள். பாய வழியில்லாத வோல்டேஜ் காயிலின் உள் இன்சுலேஷனைத் துளைத்துவிடும்.

பொறி தாவினால் காயில், பாயிண்ட், கண்டென்சர், சுவிட்ச் எல்லாம் குற்றமற்றவை. கோளாறு கேப், ரோட்டர், பிளக் ஒயர், பிளக் ஆகியவற்றில். தாவவில்லை என்றால் பிளக்கைத் தொடவே வேண்டாம். ஒரே சோதனையில் சந்தேகப்பட்டியல் பாதியாகிவிடுகிறது.

நடு ஒயரில் பொறி இல்லை என்றால்

இப்போது பல்பு. ஒரு முனையை நல்ல எர்த்தில் மாட்டுங்கள். பழைய லூகாஸ் காயிலில் சுவிட்சிலிருந்து வரும் முனையில் எஸ்.டபிள்யூ. என்றும், பாயிண்ட்டுக்குப் போகும் முனையில் சி.பி. என்றும் எழுதியிருக்கும், பிந்தியவற்றில் கூட்டல், கழித்தல் குறிகள்.

இக்னிஷனை ஆன் செய்து எஸ்.டபிள்யூ. முனையைத் தொடுங்கள். பல்பு எரியவில்லை என்றால் காயிலுக்கே கரண்ட் வரவில்லை. வெள்ளை நிற ஒயரைப் பின்தொடர்ந்து இக்னிஷன் சுவிட்ச் வரை போங்கள். லூகாஸ் வண்ண முறையில் வெள்ளை ஒயர் ஃபியூஸ் இல்லாத இக்னிஷன் லைன் என்பதால் ஃபியூஸ் பெட்டியில் தேடி நேரம் கழிக்க வேண்டாம்.

அங்கே எரிந்தால் சி.பி. முனைக்கு மாறி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பாயிண்ட் திறக்கும்போது பல்பு எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். அதாவது மினுக்க வேண்டும். மினுக்காவிட்டால் இரண்டே வகை.

எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் கரண்ட் எர்த்துக்குப் போய்ச் சேரவில்லை. பாயிண்ட் மூடவில்லை, அல்லது அதன் முகத்தில் கறை படிந்திருக்கிறது, அல்லது காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வெள்ளை-கறுப்பு ஒயர் அறுந்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறிய நெகிழ் ஒயர்களையும் லேசாக இழுத்துப் பாருங்கள். வேக்கம் அட்வான்ஸ் தகட்டை அசைக்கும்போதெல்லாம் அவை மடங்கி மடங்கி, மேல் உறை முழுதாக இருக்கையிலேயே உள்ளே இற்றுப்போகும்.

எரியவே இல்லை என்றால் அந்த வெள்ளை-கறுப்பு ஒயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு மீண்டும் சி.பி. முனையைத் தொடுங்கள். இப்போது எரிந்தால் காயிலின் பிரைமரி நன்றாக இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ நேராக எர்த் ஆகிறது. பாயிண்ட் திறக்காமலே இருக்கலாம், கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கலாம். புதுப் பாயிண்ட் மாட்டியவுடன் வந்த கோளாறு என்றால், இன்சுலேஷன் வாஷரை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கழற்றிய பிறகும் எரியவில்லை என்றால் பிரைமரி அறுந்துவிட்டது. காயிலை மாற்றச் சொல்ல இதுவே நியாயமான இடம்.

பல்பு ஒழுங்காக மினுக்கியும் நடு ஒயரில் பொறி இல்லையா? எஞ்சியவை மூன்று: கண்டென்சர், காயிலின் செகண்டரி, அந்த நடு ஒயர். நல்லது என்று தெரிந்த ஒரு கண்டென்சரின் ஒயரைச் சி.பி. முனையிலும் உடலை எர்த்திலும் வெளியிலேயே இணைத்துப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் பழையது திறந்துபோயிருக்கிறது. வராவிட்டால் ஒயரை மாற்றிப் பார்த்து, கடைசியாகக் காயிலுக்கு வாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் காயிலின் இரு சிறு முனைகளுக்கிடையே சுமார் 3 ஓம் காட்ட வேண்டும். பெலாஸ்ட் ரெசிஸ்டருடன் வரும் காயில் என்றால் ஏறத்தாழ அதில் பாதி. குளிர்ந்திருக்கையில் நன்றாக இருந்து சூடானதும் படுத்துவிடும் காயில்களும் உண்டு. வண்டி நின்றவுடனே சோதித்தால்தான் அவை பிடிபடும்.

பாயிண்ட்டைச் சீராக்குவது

நீண்ட நாள் நின்ற வண்டியில் பாயிண்ட்டின் முகத்தில் மெல்லிய படலம் படிந்துவிடும். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் கரண்ட் கடக்காது. மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்த்து, கெட்டிக் காகிதம் ஒன்றை இடையில் வைத்து இழுத்துத் துடைத்துவிடுங்கள். பிறகு கேமின் மேட்டில் பாயிண்ட்டின் குதி நிற்கும்படி என்ஜினைச் சுற்றி, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் நகரும் என்பதால் அதையும் சரிபார்க்க வேண்டும். குதி உரசும் இடத்தில் துளி கிரீஸ் போதும். அதிகமானால் தெறித்துப் பாயிண்ட்டைக் கெடுக்கும்.

இக்னிஷனை ஆன் செய்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் ஏறக்குறைய 48 வாட் வெப்பம் அந்தச் சுற்றிலேயே இறங்கிக்கொண்டிருக்கும். கோளாறு தேடும்போதே காயில் எரிந்துபோவது இப்படித்தான்.

நடு ஒயரில் பொறி உண்டு, பிளக்கில் இல்லை என்றால்

நான்கு பிளக்கும் நான்கு ஒயரும் ஒரே நேரத்தில் கெடுவது அரிது. ஆகவே கேப்பையும் ரோட்டரையும் பாருங்கள். கேப்பின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தாலே வண்டி கிளம்பிவிடும். நடுவில் உள்ள சிறு கார்பன் துண்டு தேய்ந்தோ காணாமலோ இருக்கிறதா? பென்சில் கீறல்போலக் கறுப்புக் கோடு ஓடுகிறதா? கோடு ஓடியிருந்தால் கேப்பை மாற்றத்தான் வேண்டும். அந்தக் கோட்டின் வழியே மின்சாரம் எர்த்துக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ரோட்டரின் பழுது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். கேப்பை எடுத்துவிட்டு, காயிலின் நடு ஒயரை ரோட்டரின் பித்தளைத் தகட்டுக்கு மேலே 3 மில்லிமீட்டரில் பிடியுங்கள். இக்னிஷன் ஆன் நிலையில், மூடியிருக்கும் பாயிண்ட்டைப் பிளாஸ்டிக் துண்டால் திறந்து திறந்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் தகட்டுக்குத் தடித்த பொறி தாவினால் ரோட்டர் அடியிலுள்ள தண்டுக்கு மின்சாரத்தைக் கசியவிடுகிறது. புதிது மாட்டுங்கள்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி சோதித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். மலிவான புதுக் கண்டென்சர்களும் ரோட்டர்களும் பெட்டியிலிருந்து வரும்போதே பழுதாக இருப்பதுண்டு. நான்கைச் சேர்த்து மாற்றிய பிறகும் வண்டி கிளம்பாவிட்டால், பழைய கோளாறோடு புதிய ஒன்றும் சேர்ந்திருக்கிறதா என்று சொல்ல வழியிருக்காது. கழற்றிய பாகம் நல்லது என்று சோதனையில் தெரிந்திருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நம்பகமான பாகம் கடையில் கிடைக்காமல் போகலாம்.