காற்றுவழி இணையம் – 9: சவுக்கு வளர்வதற்குள்

கோவளம் தொடங்கி கல்பாக்கம் வரை, மாடியில் டிஷ் ஆன்டெனா வைத்து இணையம் வாங்குபவர்களுக்கு வேகம் குறைந்ததும் தோன்றும் பரிகாரம் ஒன்றுதான்: “பவரைக் கூட்டு.” பெரும்பாலும் இது தவறான மருந்து. 2007-ல் வெனிசுவேலாவில் எர்மானோ பியெட்ரோசெமோலியின் குழு, சாதாரண வைஃபை ரௌட்டர்களோடு பெரிய டிஷ்களைச் சேர்த்து 382 கிலோமீட்டர் தொலைவை இணைத்துக் காட்டியது. இரு முனைகளும் மலை உச்சிகள். நடுவே மறைப்பு எதுவும் இல்லை. தொலைவைத் தாண்ட வைத்தது பவர் அல்ல, திறந்த பாதை.

திறந்த பாதை என்பது எதிர் ஆன்டெனா கண்ணுக்குத் தெரிவது மட்டுமல்ல. ரேடியோ அலை நடுவழியில் பருத்துச் செல்கிறது. அந்தப் பருமனை ஃபிரெனல் மண்டலம் என்பார்கள். 5 கிலோமீட்டர் இணைப்பில், 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுவில் அதன் ஆரம் சுமார் 8 மீட்டர், 2.4-ல் பன்னிரண்டரை மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும். பார்வைக் கோட்டை ஒரு தடை தொட்டாலே வந்து சேரும் திறன் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். நம் கடற்கரையில் அந்தத் தடை பெரும்பாலும் சவுக்குத்தோப்பு. பொருத்தும் நாளில் அது இடுப்பளவு கன்று. நாலைந்து ஆண்டில் வெட்டுவதற்குள் மாடியைத் தாண்டியிருக்கும். இணைப்பு ஒரே நாளில் அறுவதில்லை, மாதாமாதம் தேய்கிறது. அதனால்தான் பழி கருவியின்மேல் விழுகிறது.

பவரை நாலு மடங்காக்கினால் ஈடுகட்டலாமே என்பார்கள். இரு முனையிலும் கூட்ட வேண்டும். மரமோ இன்னும் வளரும். உரிமமின்றி 2.4 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்த அனுமதித்த 2005 விதி, ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட் என்று வரம்பு கட்டியிருக்கிறது. அக்கம்பக்கத்து இணைப்புகளுக்கு இரைச்சல் சேர்ப்பதுதான் மிச்சம்.

உயரமான கம்பம் புயலுக்கு நிற்குமா என்ற கேள்வி நியாயமானது. 2022 டிசம்பரில் மாண்டஸ் கரை கடந்ததே மாமல்லபுரம் அருகில்தான். ஆனால் உயரத்துக்குக் கம்பம் மட்டுமே வழியல்ல. மாமல்லபுரத்தின் இப்போதைய கலங்கரை விளக்கம் எழுவதற்கு முன், பாறை மேலிருக்கும் ஓலக்கண்ணேஸ்வரர் கோயிலில்தான் விளக்கு எரிந்தது; இருக்கிற மேட்டைப் பயன்படுத்துவது இந்த ஊருக்குப் பழக்கம். உயரமான கட்டடம் ஒன்றில் இடைநிலையம் வைத்துத் தோப்பைச் சுற்றிப் போகலாம். கம்பம்தான் வேண்டுமென்றால், காற்று ஊடுருவும் வலை டிஷ், மூன்று திசையில் ஸ்டே கம்பி, முறையான எர்த்திங் மூன்றும் கட்டாயம்.

மரம் மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராம மையங்களைத் தொலைதூர வைஃபையால் இணைத்த பெர்க்லி ஆய்வாளர்கள், பழுதுகளில் பெரும்பகுதிக்குத் தரமற்ற மின்சாரமே காரணம் என்று கண்டார்கள். இங்கே உப்புக்காற்றும் சேர்கிறது. கனெக்டரில் நீர்புகா டேப் சுற்றாவிட்டால் செம்பு பச்சை பூத்துவிடும். இவை எதையுமே பவர் சரிசெய்யாது.

ஆகவே கருவி வாங்கும் முன் பாதையை நடந்து பாருங்கள். தோப்புக்காரரிடம் எப்போது நட்டார், எப்போது வெட்டுவார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதன்பின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.