நாடா இல்லாத பாவாடை

மார்கழி கடைசி வாரத்தில் வீட்டுக்கு வீடு அலமாரி ஒழிப்பு நடக்கும். போகியன்று எரிப்பதற்கென்று முன்பு எடுத்து வைத்தவை கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த முறம், இனி தைக்கவே முடியாது என்று ஆகிவிட்ட பருத்தித் துணி. இப்போது அந்தக் குவியலில் பாலியஸ்டர் சேலையும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்துவிட்டன. 2018 ஜனவரியில் போகிப் புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தின் ஓடுதளத்தையே மறைத்தன. விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. எரிக்காதீர்கள், தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள் என்று இப்போது போகிக்கு முன்பே மாநகராட்சி கேட்டுக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கொடுத்த துணி அடுத்து யார் கைக்குப் போகிறது, அங்கே அதற்கு என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு கொடுப்பதே முறை.

பழையதை மறுபடி பயன்படுத்துவதை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. கட்டி நைந்த நூல்புடவை குழந்தைக்குத் தூளியாகும், பிறகு விரிப்பாகும், கடைசியில் அடுப்பங்கரையில் கரித்துணியாகும். பட்டுப்புடவை கிழிந்தால் பேத்திக்குப் பாவாடை. அதுவும் போனால் ஜரிகையை எடைக்கு வாங்கிக்கொள்ளத் தெருவிலேயே ஆள் வருவார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய துணிக்குப் பாத்திரம் என்று வண்டிக்காரர்கள் கூவிக்கொண்டு போன தெருக்களில் பொருளுக்கு மதிப்புப் போட ஒருவர் இருந்தார். துணி விலை குறைந்து, வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை எடுத்தது மாதந்தோறும் எடுப்பதாக மாறியபின், வீட்டில் துணி நைவதற்கு முன்பே அலுத்துவிடுகிறது. ஆகவே இன்று வெளியே போவதில் பெரும்பகுதி இன்னும் உடுத்தக்கூடிய துணி. அதை யாரிடமாவது சேர்த்துவிட்டால் புண்ணியம் என்ற எண்ணத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அந்தச் சிக்கலைத் தமிழகம் நேரிலேயே கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. மீனவக் குடும்பங்கள் பல அதைத் தொட மறுத்தன. முந்தைய நாள்வரை சொந்த உழைப்பில் உடுத்தியவர்கள், ஊரார் கழித்துப் போட்டதை ஏன் உடுத்த வேண்டும்? துணிகள் சாலையோரங்களில் குவிந்து மழையிலும் மண்ணிலும் கிடந்தன. அவற்றை அள்ளுவதே நிவாரணப் பணியாளர்களுக்குத் தனி வேலையாயிற்று. கொடுத்தவர்களின் மனதில் குறை இல்லை. எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் கொடுத்ததில்தான் குறை.

இந்தக் குறையைச் சரிசெய்வதையே தொழிலாக எடுத்துக்கொண்ட அமைப்பு டெல்லியின் கூஞ்ச். அதைத் தொடங்கிய அன்ஷு குப்தா இதழியல் படித்தவர். 1991இல் உத்தரகாசியில் நிலநடுக்கம் வந்தபோது அங்கே போனார், கிழிந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு குளிரில் நின்ற ஒருவரைக் கண்டார். பிறகு டெல்லியில், தெருவில் கிடக்கும் அநாதைப் பிணங்களை எடுத்துச் சேர்ப்பதைப் பிழைப்பாகக் கொண்ட ஒருவருடன் சில நாட்கள் சுற்றினார். குளிர்காலத்தில் அந்த மனிதருக்கு வேலை அதிகம். நிலநடுக்கமும் வெள்ளமும் செய்தியாகின்றன, துணியில்லாமல் குளிரில் சாவது செய்தியாவதில்லை என்பது அன்ஷு அங்கே கற்றது. 1999இல் அவரும் மனைவி மீனாட்சியும் தங்கள் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த 67 துணிகளோடு கூஞ்ச் தொடங்கியது. 2015இல் அவருக்கு ரமோன் மக்சேசே விருது கிடைத்தது.

கூஞ்ச் செய்வதில் சேகரிப்பு சிறிய பங்குதான். வந்து சேரும் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதிலிருந்து உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. நாடா உருவிய பாவாடை, பொத்தான் போன சட்டை, ஜிப் அறுந்த பேண்ட், ஒற்றைச் செருப்பு எல்லாம் மூட்டையில் இருக்கும். நாடா இல்லாத பாவாடையைக் கட்டமுடியாது. கொடுத்தவருக்கு அது ஒரு பாவாடை, வாங்கியவருக்கு வெறும் துணி. ஆகவே அங்குள்ள பெண்கள் நாடா கோக்கிறார்கள், பொத்தான் வைக்கிறார்கள், செருப்பை இணை சேர்த்துக் கட்டுகிறார்கள். பிறகு எந்த வட்டாரத்தில் பெண்கள் எதை உடுத்துகிறார்கள், எங்கே குளிர், எங்கே வெயில் என்று பார்த்துத் தொகுக்கிறார்கள். நகரத்து ஜீன்ஸை மலைக்கிராமத்துப் பாட்டிக்கு அனுப்புவதில்லை. அதை வெட்டிப் பள்ளிப் பையாகத் தைக்கிறார்கள். ஒருபக்கம் அச்சடித்த தாள் நோட்டாகிறது. காலாவதியான ஒலிநாடாக்களின் உள்நாடாவை நெய்து பை செய்கிறார்கள். துண்டுத் துணிகளை அடுக்கித் தைத்தால் சுஜ்னி என்ற மெத்தை விரிப்பு.

நாகப்பட்டினத்து மறுப்புக்கான பதிலும் இவர்களுடைய முறையில் இருக்கிறது. ‘துணிக்கு வேலை’ என்ற திட்டத்தில் துணி தானமாகப் போவதில்லை. தங்களுக்கு என்ன வேண்டும் என்று கிராமத்தாரே கூடி முடிவு செய்கிறார்கள். கிணறு வெட்டுவதோ, பாதை போடுவதோ, குளம் தூர்வாருவதோ, ஆற்றின் குறுக்கே மூங்கில் பாலம் கட்டுவதோ அவர்கள் விருப்பம். வேலை முடிந்ததும் குடும்பத்துக்குத் தேவையான துணிமணிகள் உழைப்புக்கான ஈடாகக் கிடைக்கின்றன. அலமாரியில் தூங்கிய சட்டை ஒரு ஊருக்குக் கிணறாகிறது. வாங்குபவர் யாருக்கும் கடன்பட்டவராக நிற்க வேண்டியதில்லை. பழைய பொருளைப் பற்றி நம் காலத்தில் யாரும் யோசித்தவற்றில் இதைவிடப் பெரிய யோசனை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று மாதவிலக்குத் துணி. வறுமையில் உள்ள பெண்கள் அந்த நாட்களில் சாம்பல், மண், சாக்கு வரை பயன்படுத்துவதைக் களத்தில் கண்டபின் கூஞ்ச் இதில் இறங்கியது. பழைய ரவிக்கைத் துணியில் இருந்த துருப்பிடித்த கொக்கி குத்தி, நச்சேறி ஒரு பெண் இறந்ததை அன்ஷு பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஆகவே பருத்தியை மட்டும் பிரித்தெடுத்து, கொக்கி பொத்தான் நீக்கி, துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அளவாக வெட்டித் துணி நாப்கின் செய்கிறார்கள். கிழிந்த பருத்தி வேட்டிக்கும் படுக்கை விரிப்புக்கும் கூட இங்கே இடமுண்டு.

உடுத்தவும் தைக்கவும் முடியாத மிச்சம் எங்கே போகும்? கம்பளியாக இருந்தால் ஹரியானாவின் பானிபட். அங்கே பழைய கம்பளி ஆடைகளை நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூற்றுப் போர்வை நெய்கிறார்கள். நிறம் பிரித்துவிடுவதால் பெரும்பாலும் சாயம் தேவைப்படாது. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வெட்டுத்துண்டுகள் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் ஓஇ எனப்படும் ‘ஓபன் எண்ட்’ நூற்பு மில்களில் மீண்டும் நூலாகின்றன. பட்டறைகளுக்குத் துடைக்கும் துணியாகவும் போகின்றன. ஆனால் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்து நெய்த துணியில் இரண்டையும் பிரிப்பது கடினம். கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடுவதால் அந்த நூலில் வலுவும் குறையும். ‘மறுசுழற்சிக்குப் போய்விடும்’ என்ற நம்பிக்கையில் கலப்புத் துணியை மூட்டை கட்டுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அந்தச் சட்டைக்குச் சிறந்த மறுவாழ்வு, இன்னொருவர் அதைச் சட்டையாகவே போடுவது.

நம் பக்கத்தில் அன்புச் சுவர்கள் வந்தன. வேண்டாததை விட்டுச் செல்லலாம், வேண்டியதை எடுத்துச் செல்லலாம் என்ற இந்த ஏற்பாடு 2015இல் ஈரானின் மஷாத் நகரில் பிறந்து உலகெங்கும் பரவியது. திருநெல்வேலியில் மாவட்ட நிர்வாகமே ஒன்றைத் தொடங்கியது. சென்னை பெசன்ட் நகரில் 2017இல் வந்த ‘ஐயமிட்டு உண்’ குளிர்பதனப் பெட்டியில் உணவும், பக்கத்து அலமாரியில் துணியும் புத்தகமும் வைத்தார்கள். 2023 மே மாதம் ஒன்றிய நகர்ப்புற அமைச்சகம் நகராட்சிகள்தோறும் பழைய துணி, புத்தகம், பொம்மை, பிளாஸ்டிக் வாங்கும் மையங்களைத் திறக்கச் சொன்னது.

இவற்றில் எது நிலைக்கும் என்பதை ஒரே கேள்வியால் கண்டுபிடித்துவிடலாம்: தினமும் பிரித்து அடுக்க அங்கே ஆள் உண்டா? ஆளில்லாத அலமாரியில் நல்ல துணி முதலில் போய்விடும், கந்தல் தங்கும், அதைப் பார்த்து அடுத்தவரும் கந்தலையே கொண்டுவந்து போடுவார்.

பாதி வேலையைக் கொடுப்பவரே வீட்டில் முடிக்கலாம். துவைத்துக் காயவைத்து மடியுங்கள். நாடா, பொத்தான், ஜிப் பாருங்கள். சேலையோடு அதன் ரவிக்கையையும் பாவாடையையும் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளாடை கொடுப்பதென்றால் புதிதாக வாங்கிக் கொடுங்கள். நைந்த பருத்தியைத் தனி மூட்டையாக்கி மேலே எழுதி வையுங்கள். பேரிடர் நேரமென்றால் மூட்டை கட்டுவதற்கு முன், என்ன தேவை என்று அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். துணியோடு கொஞ்சம் பணமும் கொடுங்கள், லாரி வாடகை துணியால் தீராது.

மீதிப் பாதி உள்ளாட்சிகளின் பொறுப்பு. மையம் என்று பெயர்ப்பலகை மாட்டிய அறைக்குள் பிரிக்க ஒரு நீள மேசையும் தையல் இயந்திரமும் வேண்டும். அங்கே உட்கார்ந்து வேலை செய்ய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊர்தோறும் இருக்கின்றன. அவர்களுக்கான கூலி நகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தில் தனி இனமாக எழுதப்பட வேண்டும். ஏற்கெனவே குப்பை அள்ளிக் களைத்த தூய்மைப் பணியாளர் தலையில் இதையும் கூலியில்லாமல் ஏற்றக் கூடாது.