முதல் வாரம் உச்சம், மறுவாரம் சரிவு: வீடியோ கேம் விற்பனையின் கணக்கு

2025 செப்டம்பர் 4. இந்திய நேரப்படி இரவு ஏழரை மணிக்கு ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ என்ற வீடியோ கேம் விற்பனைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஒரு சிறு குழு உருவாக்கிய கேம் இது. விலை 20 டாலர். வந்த சில நிமிடங்களிலேயே கணினி கேம்களை விற்கும் ‘ஸ்டீம்’ இணையக் கடை திணறி நின்றது. நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கடைகளிலும் பலரால் பணம் கட்ட முடியவில்லை. டவுன்லோடு செய்யும் கேமில் சரக்கு தீர்ந்துபோகும் பேச்சுக்கே இடமில்லை. மறுநாள் வாங்கினாலும் அதே கேம்தான், அதே விலைதான். ஆனாலும் அந்த நிமிடமே வேண்டும் என்று லட்சக்கணக்கானவர்கள் முண்டியடித்தார்கள்.

இப்படியான முண்டியடிப்பு ஓய்ந்ததும் என்ன நடக்கும்? பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட பெரும்பாலான கேம்களுக்கு இரண்டாவது வாரத்திலேயே விற்பனை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் சரியும். உடனே ‘கேம் ஊத்திக்கொண்டது’ என்று ரசிகர்களிடையே பேச்சு கிளம்பும். உண்மையில் இந்தச் சரிவுக்கும் கேமின் தரத்துக்கும் சம்பந்தம் குறைவு. மிகச் சிறந்த கேம்களும் இப்படித்தான் சரிகின்றன. காரணம் வாங்குபவர்களின் எண்ணிக்கையிலும், அவர்கள் மனத்துக்குள் போடும் கணக்கிலும் இருக்கிறது.

மூன்று நாளில் ஒரு கோடி

நின்டெண்டோ நிறுவனம் தன் கேம்களின் விற்பனை எண்ணிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. அதிலிருந்து ஒரு கணக்கைப் பார்க்கலாம். ‘போகிமான் ஸ்கார்லெட்’, ‘போகிமான் வயலட்’ என்ற இரட்டை கேம்கள் 2022 நவம்பர் 18 அன்று வெளிவந்தன. முதல் மூன்று நாளில் உலகம் முழுவதும் 1 கோடிப் பிரதிகள் விற்றன. ஜப்பானில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல். டிசம்பர் இறுதியில் எண்ணிக்கை 2.06 கோடியைத் தொட்டது. அதற்கடுத்த மூன்று மாதங்களில் கூடியது வெறும் 15 லட்சம். 2024 மார்ச்சில் மொத்தம் 2.49 கோடி. அதாவது, பதினாறு மாதங்களில் விற்ற ஒவ்வொரு 100 பிரதியிலும் ஏறத்தாழ 40 பிரதிகள் முதல் மூன்று நாளுக்குள் போய்விட்டன.

இத்தனைக்கும் இது தோல்வியடைந்த கேம் அல்ல. நின்டெண்டோவின் ‘ஸ்விட்ச்’ என்ற கேம் கருவியில் (கன்சோல்) மிக அதிகம் விற்ற கேம்களில் ஒன்று. வெற்றி பெற்ற கேமின் விற்பனைக்கோடே இவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்றால், அந்தக் கோட்டை வடிவமைப்பது வேறு ஏதோ ஒன்று.

யாருக்கும் சலிக்கவில்லை, ஆனாலும் சரிவு

முதல் காரணம் எளிமையானது. ஒரு கேமை ஒருவர் ஒருமுறைதான் வாங்குவார். பாலும் காய்கறியும் வாங்கியவர் நாளைக்கும் வருவார். கேம் வாங்கியவர் அந்த வரிசையிலிருந்தே விலகிவிடுகிறார். ஆகவே முதல் வாரத்தில் எவ்வளவு வேகமாக விற்கிறதோ, அவ்வளவு வேகமாக மிச்சமிருக்கும் வாடிக்கையாளர்கள் குறைகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கேமை வாங்கக்கூடியவர்கள் 15 லட்சம் பேர். அவர்களில் 5 லட்சம் பேர் தீவிர ரசிகர்கள். இந்த ரசிகர்களில் இன்னும் வாங்காதவர்களில் 80 சதவீதத்தினர் ஒவ்வொரு வாரமும் வாங்கிவிடுவார்கள். மற்ற 10 லட்சம் பேர் நிதானமானவர்கள். அவர்களில் வாரத்துக்கு 4 சதவீதம் பேர்தான் வாங்குவார்கள். முதல் வாரத்தில் ரசிகர்கள் 4 லட்சம், நிதானக்காரர்கள் 40,000. ஆக 4,40,000 பிரதிகள். இரண்டாவது வாரத்தில் ரசிகர்கள் 80,000, மற்றவர்கள் 38,400, கூட்டினால் 1,18,400. ஒரே வாரத்தில் 73 சதவீதச் சரிவு! நான்காவது வாரத்தில் விற்பனை சுமார் 38,600. ஆனால் எட்டாவது வாரத்திலும் அது 30,000-க்குக் குறையவில்லை.

இந்தக் கணக்கில் யாருக்கும் கேம் பிடிக்காமல் போகவில்லை. யாரும் மனம் மாறவில்லை. தீவிர ரசிகர்கள் தீர்ந்துபோனதுதான் இரண்டாம் வாரச் சரிவு. அதன் பிறகு நீளும் தாழ்வான கோடு நிதானக்காரர்களுடையது. உண்மையான விற்பனை வரைபடங்களும் இதே சாயலில் இருக்கின்றன: செங்குத்தான இறக்கம், பிறகு நீண்ட வால்.

விளம்பரம் கொண்டுவருபவர்கள், நண்பர் கொண்டுவருபவர்கள்

அப்படியானால் எல்லாப் பொருளும் இப்படித்தானே விற்க வேண்டும்? குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் ஏன் இப்படி விற்கவில்லை? இந்தக் கேள்விக்கான கணித விடையை 1969-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஃபிராங்க் பாஸ் தந்தார். புதுப் பொருளை வாங்குபவர்களுக்கு இரண்டு தூண்டுதல்கள் உண்டு என்றார் அவர். ஒன்று, விளம்பரம், செய்தி போன்ற வெளித் தூண்டுதல். மற்றது, ஏற்கெனவே வாங்கியவர்களைப் பார்த்து வருவது. வீட்டு உபயோகப் பொருட்களில் இரண்டாவதுதான் பெரியது. அதனால் விற்பனை மெல்லத் தொடங்கி, ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். வெளித் தூண்டுதல் பெரிதாக இருந்தால் அதே சமன்பாடு வேறு வடிவத்தைக் கொடுக்கும்: உச்சம் முதல் நாளிலேயே வந்துவிடும், அதன் பிறகு இறக்கம் மட்டுமே.

பெரிய நிறுவனங்களின் கேம்கள் வெளித் தூண்டுதலால் விற்கும் இந்த வகை. வெளியீட்டுக்கு ஒரு வருடம் முன்பே டிரெய்லர், பிறகு முன்பதிவு, முன்பதிவு செய்தவர்களுக்குச் சிறப்புப் பரிசு என்று ஆவலை மாதக்கணக்கில் சேர்த்துவைக்கிறார்கள். ஸ்டீம் கடையில் ஒரு கேமை ‘விஷ்லிஸ்ட்’ பட்டியலில் போட்டுவைத்த எல்லாருக்கும் வெளியீட்டு நாளில் மின்னஞ்சல் போகிறது. மற்ற பொருட்களில் வெளியீட்டுக்குப் பிறகு நடக்கும் விளம்பரம், பேச்சு, முடிவெடுத்தல் எல்லாம் இங்கே வெளியீட்டுக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. முதல் வாரத்தில் மிச்சமிருப்பது பணம் கட்டும் வேலை மட்டும்தான்.

இயற்பியல் பின்னணி கொண்ட டிடியே சார்னெட் என்ற ஆய்வாளர் இதை இன்னொரு கோணத்தில் அளந்தார். 2004-ல் அவரும் சகாக்களும் அமேசானில் புத்தகங்களின் விற்பனைத் தரவரிசையை ஆராய்ந்தார்கள். 2008-ல் ரைலி கிரேனுடன் சேர்ந்து யூடியூபில் ஏறத்தாழ 50 லட்சம் காணொளிகளின் தினசரிப் பார்வைகளை ஆராய்ந்தார். பத்திரிகைச் செய்தி போல வெளியிலிருந்து வரும் ஒரே அடியால் எழும் உச்சம் சட்டென்று எழுந்து வேகமாக இறங்குகிறது. ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று உள்ளுக்குள்ளேயே பரவும் உச்சம் மெல்ல ஏறி, மெல்ல இறங்குகிறது. வரைபடத்தின் வடிவத்தைப் பார்த்தே அந்தப் பரபரப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

சினிமாவுக்கும் இந்த விதி பொருந்தும். ஆனால் தியேட்டரில் இருக்கைகளுக்கு எல்லை உண்டு. முதல் நாள் டிக்கெட் கிடைக்காதவர் மூன்றாம் நாளோ அடுத்த வாரமோ போகிறார். கூட்டம் தானாகவே பரவிவிடுகிறது. டவுன்லோடு கேமுக்கு அந்தத் தடுப்பும் இல்லை. விரும்பிய எல்லாரும் ஒரே இரவில் வாங்கிவிட முடியும். கேம் விற்பனை சினிமா வசூலைவிடக் கூர்மையாகச் சரிய இதுவும் ஒரு காரணம்.

காத்திருந்தால் விலை குறையும்

நிதானக்காரர்கள் ஏன் நிதானமாக இருக்கிறார்கள்? அவர்களிடமும் கணக்கு இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் பல கேம்கள் இப்போது 70 டாலருக்கு வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சில மாதங்களில் தள்ளுபடிக்கு வந்துவிடும் என்பது வாங்குபவர்களுக்குத் தெரியும். நீடித்து உழைக்கும் பொருளை விற்பவர் தன் எதிர்கால விலையுடனேயே போட்டியிட வேண்டியிருக்கும் என்று பொருளியல் அறிஞர் ரொனால்ட் கோஸ் 1972-ல் சொன்னார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹரிகேஷ் நாயர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் இதை அமெரிக்க கன்சோல் கேம் சந்தையில் பொருத்திப் பார்த்தார். விலை குறையும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களைக் கணக்கில் எடுக்காமல் விலை வைத்தால் நிறுவனத்தின் லாபம் கணிசமாக அடிபடும் என்று அவர் காட்டினார்.

தீவிர ரசிகர்களுக்குக் காத்திருப்பதில் வேறு நஷ்டம் இருக்கிறது. கதையின் முடிவை இணையத்தில் யாராவது போட்டு உடைத்துவிடுவார்கள். ஆன்லைனில் சேர்ந்து விளையாடும் கேம் என்றால், நண்பர்கள் தேர்ச்சி பெற்றுவிட்ட பிறகு தனியாகப் போய்த் தோற்க வேண்டும். ஆக, அவசரப்படுபவர்கள் மொத்தமாக முதல் வாரத்தில் வருகிறார்கள், மற்றவர்கள் தள்ளிப்போகிறார்கள். நடுவில் நிற்பவர்கள் குறைவு.

டிஸ்கில் விற்கும் கேம்களுக்கு இன்னொரு போட்டியும் உண்டு. விளையாடி முடித்தவர் அதை செகண்ட் ஹேண்ட் கடையில் போட்டுவிடுகிறார். பழைய சட்டைபோல அது நைந்துபோவதில்லை. புதிய பிரதிக்கும் பழைய பிரதிக்கும் ஆட்டத்தில் வித்தியாசம் இல்லை. ஜப்பானில் இந்த மறுவிற்பனையைத் தடுக்க கேம் நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2002-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுவிற்பனை சட்டப்படி சரியே என்று தீர்ப்பளித்தது.

முதல் வாரத்துக்காக நடக்கும் சண்டை

வருமானம் இவ்வளவு குறுகிய காலத்தில் குவிவதால் அந்தக் காலத்தைக் காப்பாற்ற நிறுவனங்கள் எதையும் செய்யத் தயாராக இருக்கின்றன. ‘டெனுவோ’ என்ற திருட்டுத் தடுப்பு மென்பொருளைப் பற்றிய ஓர் ஆய்வு 2024-ல் ‘எண்டர்டெய்ன்மென்ட் கம்ப்யூட்டிங்’ ஆய்விதழில் வெளியானது. கேம் வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பூட்டு உடைந்தால் மொத்த வருமானத்தில் சுமார் 20 சதவீதம் பறிபோகிறது. பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகு உடைந்தால் இழப்பு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு பூட்டியே வைத்திருந்தும் பெரிய பயன் இல்லை என்பதுதான் இதன் பொருள்.

தேதி தவறினாலும் இதே ஆபத்து. ‘டைட்டன்ஃபால் 2’ விமர்சகர்கள் மெச்சிய கேம். 2016 அக்டோபர் 28-ல் அதை வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம். அதற்கு ஒரு வாரம் முன்புதான் அதே நிறுவனத்தின் ‘பேட்டில்ஃபீல்டு 1’ வந்திருந்தது. டைட்டன்ஃபால் வந்து ஒரு வாரம் கழித்து ‘கால் ஆஃப் டியூட்டி’ வரிசையின் புதிய கேம் வந்தது. மூன்றுமே துப்பாக்கிச் சண்டை கேம்கள். இடையில் சிக்கிய டைட்டன்ஃபாலின் விற்பனை எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. முதல் வாரத்தைத் தவறவிட்ட கேமுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது அரிது.

சரியாத கேம்கள்

அரிது என்றாலும் விதிவிலக்குகள் உண்டு. ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ 2017 ஏப்ரலில் வந்தது. 2018 மார்ச் வரை, அதாவது பதினோரு மாதங்களில், விற்றது 92 லட்சம். மேலே பார்த்த போகிமான் கேம்கள் மூன்று நாளில் விற்றதைவிடக் குறைவு. ஆனால் 2020 மார்ச்சில் அது 2.48 கோடி; 2022 மார்ச்சில் 4.53 கோடி, 2025 மார்ச்சில் 6.82 கோடி. அதற்கு முடியும் கதை கிடையாது. நின்டெண்டோ அதன் விலையையும் லேசில் குறைக்கவில்லை. குடும்பத்தோடு கார் பந்தயம் ஆடலாம் என்பதால், புதிதாக ஸ்விட்ச் வாங்கும் வீடுகளில் அது முதல் கேமாகப் போய்ச் சேர்ந்தது. வாங்கக்கூடியவர்கள் தீரத் தீரப் புதியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

‘அமங் அஸ்’ கதை இன்னும் சுவாரஸ்யமானது. 2018 ஜூனில் வந்தபோது அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2020 ஊரடங்குக் காலத்தில் ஸ்ட்ரீமர்கள் அதை இணைய நேரலையில் விளையாடிக் காட்ட, உலகமே பற்றிக்கொண்டது. சார்னெட் சொன்ன உள்ளிருந்து பரவும் உச்சத்துக்கு நல்ல உதாரணம் இது.

‘சைபர்பங்க் 2077’ மூன்றாவது வகை. 80 லட்சம் முன்பதிவுகளோடு 2020 டிசம்பர் 10-ல் வந்தது. பழைய கன்சோல்களில் ஓட முடியாத அளவுக்குப் பிழைகள். பத்து நாள் ஆவதற்குள் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. போலந்து நிறுவனமான சிடி புராஜெக்ட் விடாமல் பழுது பார்த்தது. 2022-ல் நெட்ஃபிளிக்ஸில் அதன் உலகத்தை வைத்து அனிமே தொடர் வந்தது. 2023-ல் பெரிய அப்டேட்டும் கூடுதல் அத்தியாயமும் வந்தன. ஒவ்வொரு முறையும் விற்பனை மறுபடி எழும்பியது. 2024 இறுதியில் 3 கோடிப் பிரதிகளைத் தாண்டியிருந்தது.

இதே சைபர்பங்க், முதல் வார எண்ணிக்கை எதை அளக்கிறது என்பதையும் காட்டிவிடுகிறது. வெளியீட்டுக்கு முன்பே 80 லட்சம் பேர் வாங்கியது யாரும் விளையாடிப் பார்க்காத ஒரு கேமை. முதல் வாரம் எதிர்பார்ப்பை அளக்கிறது. கேமின் தரத்தை அளப்பது அதற்குப் பிறகு வரும் வால்தான். ஆகவே இரண்டாம் வாரச் சரிவைப் பார்த்து ஒரு கேமைத் தோல்வி என்று முடிவு கட்டவும் வேண்டாம். முதல் நாள் சாதனையைப் பார்த்து வாங்கவும் வேண்டாம். நண்பர்களோடு சேர்ந்து ஆட வேண்டும், கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் முதல் நாளே வாங்கட்டும். மற்றவர்கள் இரண்டு வாரம் பொறுத்து, விளையாடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். அதற்குள் பிழைகளில் சில திருத்தப்பட்டிருக்கும்; சில மாதம் பொறுத்தால் விலையும் குறையலாம். டவுன்லோடு கேமுக்குச் சரக்குத் தட்டுப்பாடும் வராது.