அவசர ஆபரேஷன்... இதய மாத்திரையை நிறுத்தலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஏற்கெனவே ஒரு மாரடைப்பில் தப்பியவர். இதயத்துக்காகத் தினமும் மெட்டோபுரோலால் மாத்திரை சாப்பிடுகிறார். மூட்டு வலிக்கு மட்டும் என்னிடம் வருவார்.

ஒருநாள் ராத்திரி குடலிறக்கம் இறுகி, ஒரே வாந்தி. 108-ல் சென்னைக்குக் கொண்டு போனார்கள். விடியற்காலை அவர் மனைவியிடமிருந்து போன்.

"ஐயா, இன்னும் ஒரு மணி நேரத்துல ஆபரேஷனாம். பச்சைத் தண்ணிகூட குடுக்காதீங்கன்னுட்டாங்க. அவரு நெஞ்சு மாத்திரையை என்ன பண்றது? நேத்தும் போடலை..."

"நீங்களா ஒண்ணும் குடுக்காதீங்கம்மா. மாத்திரை அட்டையை மயக்க டாக்டர்கிட்ட காட்டுங்க. நேத்து போடலைங்கிறதையும் மறக்காம சொல்லுங்க" என்றேன்.

அவர் அப்படியே செய்தார். நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, அதே வகை மருந்தை ஊசி மூலம் கொடுத்தார்களாம். மனிதர் நல்லபடியாக வீடு திரும்பினார்.

பட்டினி எதற்கு?

மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் பட்டினி. அவசியமான மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுக்க மயக்க மருத்துவர் பெரும்பாலும் அனுமதிப்பார். குடல் அடைப்பு, வாந்தி இருந்தால் அதுவும் கூடாது. அப்போதுதான் ஊசி.

திடீரென்று நிறுத்தினால்?

மெட்டோபுரோலால், அட்டினலால் எல்லாம் 'பீட்டா பிளாக்கர்' வகை. அட்ரினலின் வேகத்திலிருந்து இதயத்தைக் காப்பவை. இந்த வகையில் புரோப்ரனலாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசு பெற்றார். பழகிய மருந்தைச் சட்டென்று நிறுத்தினால், இதயம் அட்ரினலினுக்கு முன்னைவிட அதிகமாகத் துள்ளும். ஆபரேஷன் நேரத்தில் பயம், வலி என்று அட்ரினலின் வேறு பொங்கும். படபடப்பு கூடி மாரடைப்புகூட வரலாம்.

அப்படியானால் எல்லோருக்கும் கொடுக்கலாமே?

கூடாது! 2008-ல் வெளியான 'பாய்ஸ்' ஆய்வில் இந்தியா உட்பட 23 நாடுகளில் 8,351 பேர் பங்கேற்றார்கள். ஒரு பாதிப் பேருக்கு, ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு அதே மெட்டோபுரோலாலைப் புதிதாக ஆரம்பித்தார்கள். மாரடைப்பு 5.7 சதவீதத்திலிருந்து 4.2 ஆகக் குறைந்தது. ஆனால் மரணம் 2.3-லிருந்து 3.1 ஆகக் கூடியது. பக்கவாதமும் இரு மடங்கானது. ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே, வழக்கமாகச் சாப்பிடுகிறவருக்குப் பொதுவாகத் தொடர வேண்டும். புதியவருக்கு அன்றைக்கு ஆரம்பிக்கக் கூடாது. ரத்தப்போக்கு, கடும் தொற்று என்று அழுத்தம் இறங்கியிருந்தால், வழக்கமாகச் சாப்பிடுகிறவருக்கும் நிறுத்தி வைப்பார்கள். முடிவு மருத்துவருடையது.

மற்ற மாத்திரைகள்?

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின்: பொதுவாகத் தொடரலாம்.

எனலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான்: மயக்கத்தில் அழுத்தம் இறங்கலாம் என்பதால், அன்றைய வேளையை நிறுத்தச் சொல்வதுண்டு.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின்: ரத்தப்போக்கைக் கூட்டும். ஆனால் சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவர் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் அபாயம். நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே திட்டமிடலாம். அவசரத்தில் அதற்கு நேரமேது? டாக்டருக்கு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

'நாட்டு மருந்துதானே' என்று எங்கள் மருந்தையும் மறைக்காதீர்கள். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன். பூண்டை மருந்தளவில் சாப்பிட்டால் ரத்தம் உறைவது தாமதமாகலாம். மருதம்பட்டைக் கஷாயம் குடித்தாலும் சொல்லிவிடுங்கள்.

சட்டைப் பையில் ஒரு சீட்டு

மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, ஸ்டென்ட் வைத்த வருடம், ஒத்துக்கொள்ளாத மருந்து இவற்றை எழுதி வையுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிரஷர் மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் பர்ஸில் ஒன்று, வீட்டில் ஒன்று வைப்பது நல்லது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, கடைசியாக எப்போது மாத்திரை போட்டார் என்பதையும் சொல்லுங்கள்.

இன்று ராத்திரியே எழுதிவிடுங்களேன். ஐந்து நிமிட வேலைதான்!